அழிய மறுக்கும் தாய் வரிசை, சொல்லாமல் மறையும் சேய் வரிசை: ஃபாரின் கீ சிக்கல்களை அறிகுறி வழியாகத் தீர்த்தல்

ஒரு டேபிளின் வரிசை இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்ட உதவும் புலமே ஃபாரின் கீ. அது தொடர்பாக என்னிடம் வரும் முறையீடுகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். அழிக்க வேண்டியதை அழிக்க விடாமல் தரவுத்தளம் தடுக்கிறது என்பது ஒன்று. அழிக்கச் சொல்லாததையும் சேர்த்து அழித்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே. தாய் வரிசை போனால் அதைச் சுட்டும் சேய் வரிசைக்கு என்ன ஆக வேண்டும் என்ற கேள்விக்கு, டேபிளை உருவாக்கிய நாளில் யாரும் விடை சொல்லவில்லை. அல்லது அன்று சொன்ன விடை இன்றைய தேவைக்குப் பொருந்தவில்லை.

விளக்கத்துக்காக ஓர் இரவல் நூலகத்தின் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘உறுப்பினர்’ என்ற டேபிள் தாய். ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் அதன் பிரைமரி கீயாகிய எண்ணை ‘இரவல்’, ‘முன்பதிவு’, ‘அபராதம்’ ஆகிய மூன்று சேய் டேபிள்கள் சுட்டுகின்றன. எந்த நூலைத் தாமதமாகத் திருப்பியதற்காக அபராதம் விதிக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும் என்பதால், ‘அபராதம்’ டேபிள் ‘இரவல்’ டேபிளையும் சுட்டுகிறது. ‘உறுப்பினர்’ டேபிளுக்குள்ளேயே ‘பரிந்துரைத்தவர்’ என்ற புலம் இன்னோர் உறுப்பினரின் எண்ணைத் தாங்கி நிற்கிறது. இந்தச் சிறிய அமைப்பிலேயே நாம் பார்க்கவிருக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். கட்டளைகளை அவற்றின் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: டிலீட் கட்டளை பிழையோடு நின்றுவிடுகிறது

தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்கியூஎல் 1451 என்ற எண்ணையும், போஸ்ட்கிரெஸ் 23503 என்ற குறியீட்டையும், எஸ்கியூஎல் சர்வர் 547-ஐயும், ஆரக்கிள் 02292-ஐயும் காட்டுகின்றன என்றால், அவை சொல்வது ஒன்றுதான்: நீங்கள் அழிக்க முயலும் வரிசையை வேறொரு வரிசை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது. இது பழுது அன்று. தரவுத்தளம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஒரு வரிசைகூட அழியவில்லை. ஆகவே அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. சோதனையையே நிறுத்திவிட்டு அழிக்கலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பலருக்கும் வருகிறது. அப்படிச் செய்தவர்கள் பிறகு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

முதலில் பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள். பயன்பாட்டு நிரல் அதைச் சுருக்கி ‘அழிக்க இயலவில்லை’ என்று மட்டும் காட்டலாம். அப்படியானால் அதே கட்டளையைத் தரவுத்தளத்தின் சொந்த முனையத்தில் இயக்கிப் பாருங்கள். கட்டுப்பாட்டின் (அதாவது ஃபாரின் கீ விதியின்) பெயரும், பெரும்பாலும் தடுக்கும் டேபிளின் பெயரும் செய்திக்குள்ளேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு படி மேலே சென்று, எந்த மதிப்பு இன்னும் சுட்டப்படுகிறது என்பதையும் அடுத்த வரியில் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் 1451-க்குப் பதிலாக விவரமற்ற 1217 வந்தால், சம்பந்தப்பட்ட டேபிள்களைப் பார்க்கும் உரிமை உங்கள் பயனர் கணக்குக்கு இல்லை என்று பொருள் கொள்ளலாம். உரிமை உள்ள கணக்கிலிருந்து ‘ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ கட்டளையை இயக்கினால், கடைசியாக நேர்ந்த ஃபாரின் கீ பிழை தனித் தலைப்பின் கீழ் விரிவாகக் கிடைக்கும்.

ஆனால் பிழைச் செய்தி முதலில் தடுத்த டேபிளை மட்டுமே சொல்லும். முன்பதிவை அழித்துவிட்டு வந்தால் இரவல் தடுக்கும். இரவலைத் தொட்டால் அபராதம் தடுக்கும். ஒவ்வொன்றாக முட்டி மோதிக்கொண்டு போவதைவிட, தாய் டேபிளைச் சுட்டும் எல்லாக் கட்டுப்பாடுகளையும் முன்கூட்டியே பட்டியலிடுவது நல்லது. மைஎஸ்கியூஎல்லில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் உள்ள ‘கீ காலம் யூசேஜ்’ காட்சியில், சுட்டப்படும் டேபிளின் பெயர் ‘உறுப்பினர்’ என்று இருக்கும் வரிசைகளைத் தேடுங்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டின் அழிப்பு விதியும் ‘ரெஃபரென்ஷியல் கன்ஸ்ட்ரெயிண்ட்ஸ்’ காட்சியின் ‘டிலீட் ரூல்’ புலத்தில் இருக்கும். போஸ்ட்கிரெஸின் முனையத்தில் பின்சாய்கோடு, டி, டேபிள் பெயர் என்று தட்டினாலே போதும். வரும் விவரத்தின் அடியில், இந்த டேபிளைச் சுட்டுபவை எவை என்ற பட்டியல் விதிகளோடு நிற்கும். பிறகு ஒவ்வொரு சேய் டேபிளிலும் அந்த உறுப்பினர் எண்ணுக்கு எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வருவது தொழில்நுட்பக் கேள்வியைவிடப் பொருள் பற்றிய கேள்வி. ஒவ்வொரு சேய் டேபிளுக்கும் நான் கேட்பது இதுதான்: தாய் இல்லாமல் இந்த வரிசைக்கு ஏதாவது பொருள் உண்டா? போய்விட்ட ஒருவரின் முன்பதிவுக்குப் பொருள் இல்லை; அது அவருக்கே உரியது, அவரோடு போகலாம். அங்கே, தாயோடு சேயையும் அழிக்கும் ‘ஆன் டிலீட் கேஸ்கேட்’ பொருத்தமானது. பரிந்துரைத்தவர் போய்விட்டால், பரிந்துரைக்கப்பட்டவர் தொடர்ந்து உறுப்பினராகவே இருப்பார்; ஆகவே அந்தப் புலத்துக்கு, அதை வெறுமையாக்கும் ‘செட் நல்’. இரவல் அப்படியன்று, நூல் இன்னும் அவர் வீட்டில் இருக்கலாம். அபராதமோ பணம், வசூலானதும் ஆகாததும் நூலகத்தின் கணக்கில் நிற்க வேண்டியவை. இந்த இரண்டுக்கும், அழிப்பைத் தடுக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட்’ தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை. எதுவும் எழுதாமல் விட்டால் கிடைக்கும் ‘நோ ஆக்ஷன்’ விதியும் அழிப்பைத் தடுக்கவே செய்யும். சில தரவுத்தளங்களில் அந்தச் சோதனையைப் பரிவர்த்தனையின் (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே கைவிடப்படும் கட்டளைத் தொகுதியின்) இறுதிக்குத் தள்ளிவைக்கலாம் என்பதே வேறுபாடு.

இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகு, அபராதமும் இரவலும் உள்ள உறுப்பினரை அழிக்கவே கூடாது என்ற முடிவுக்கு நீங்கள் வரக்கூடும். அப்போது சரியான தீர்வு, ‘விலகிய நாள்’ என்ற புலத்தைச் சேர்த்து, அழிப்புக்குப் பதிலாக அதில் தேதியை இடுவது. அழித்தே ஆக வேண்டும் என்றால், ஒரே பரிவர்த்தனைக்குள் கடைசிச் சேயில் தொடங்கித் தாயை நோக்கி அழித்து வாருங்கள்: முதலில் அபராதம், அடுத்து இரவல், பிறகு முன்பதிவு, இறுதியில் உறுப்பினர்.

இருக்கும் கட்டுப்பாட்டின் அழிப்பு விதியை மட்டும் மாற்ற வேண்டுமானால், பொதுவாகப் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டியிருக்கும். பெரிய டேபிளில் இது எழுதுபவர்களைக் காக்க வைக்கும். போஸ்ட்கிரெஸில் புதிய கட்டுப்பாட்டை ‘நாட் வாலிட்’ என்று சேர்த்தால் பழைய வரிசைகள் சோதிக்கப்படாமல் கட்டளை உடனே முடியும். புதிதாக வருபவை அந்த நொடியிலிருந்தே சோதிக்கப்படும். பிறகு ‘வாலிடேட் கன்ஸ்ட்ரெயிண்ட்’ கட்டளையைத் தனியாக இயக்கினால், அது இலேசான பூட்டோடு பழையவற்றைச் சோதித்து முடிக்கும்.

அறிகுறி: ஒரு வரிசையைத்தான் அழித்தோம், வேறு டேபிள்களிலும் வரிசைகள் காணோம்

இதில்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. பிழை வந்து நின்றால் தரவு பத்திரமாக இருக்கிறது. எல்லாம் நல்லபடி முடிந்ததாகத் திரை சொல்லும்போதுதான் கவனம் தேவை.

நான் பராமரித்த ஒரு நூலகத் தரவுத்தளத்தில், ஒரே ஆளுக்கு இரண்டு உறுப்பினர் எண்கள் பதிவாகியிருந்ததைச் சரிசெய்தேன். பழைய எண்ணில் இருந்த இரவல்களைப் புதிய எண்ணுக்கு மாற்றினேன், முன்பதிவுகளையும் மாற்றினேன், பிறகு பழைய உறுப்பினர்களை அழித்தேன். ‘38 வரிசைகள் பாதிக்கப்பட்டன’ என்று திரையில் வந்தது. அழிக்க வேண்டியவர்கள் 38 பேர் என்பதால் மனநிறைவோடு எழுந்துவிட்டேன். அந்த மாத இறுதியில் அபராத வரவைக் கூட்டியபோது, தொகை ரசீதுப் புத்தகத்தோடு ஒட்டவில்லை. அபராதம் டேபிளின் உறுப்பினர் எண் புலத்தை மாற்ற மறந்திருந்தேன். அந்தக் கட்டுப்பாட்டில், சோதனைக் காலத்தில் டேபிள்களை எளிதாகக் காலிசெய்வதற்காக யாரோ வைத்த ‘கேஸ்கேட்’ அப்படியே தங்கியிருந்தது. அந்த 38 பேரின் பழைய அபராதங்கள் அனைத்தும் அவர்களோடு போய்விட்டன.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. முதலாவது, பாதிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கை நேரடியாக அழிக்கப்பட்டவற்றை மட்டுமே சொல்கிறது. தொடர் அழிப்பில் போனவை அதில் சேராது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் இப்படித்தான். இரண்டாவது, அழிக்கப்படும் ஒவ்வொரு வரிசையையும் தனிப் பதிவேட்டு டேபிளில் எழுதிவைக்க அபராதம் டேபிளில் ஒரு டிரிகர், அதாவது தானாக இயங்கும் சிறு நிரல், இருந்தது. அதுவும் எதையும் எழுதவில்லை. மைஎஸ்கியூஎல் 8.0-இல் ஃபாரின் கீயின் தொடர் அழிப்பை, தரவைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி தனக்குள்ளேயே செய்து முடித்துவிடுகிறது. சேய் டேபிளின் டிரிகர்கள் அப்போது இயங்குவதில்லை. போஸ்ட்கிரெஸில் அவை இயங்கும். மூன்றாவது, இதே காரணத்தால் அந்தச் சேய் அழிப்புகள் மைஎஸ்கியூஎல் 8.0-இன் மாற்றப் பதிவேடான பைனரி லாகிலும் தனி நிகழ்வுகளாகப் பதிவதில்லை. லாகைப் படித்து வேறோர் அமைப்புக்குத் தரவை அனுப்புபவர்கள், அங்கே தாய் இல்லாத அனாதை வரிசைகள் தேங்குவதைக் கண்டு திகைப்பதற்கும் இதுவே காரணம்.

மீட்பு இப்படி நடந்தது. அழிப்புக்கு முந்தைய இரவின் பேக்கப்பை அதே தரவுத்தளத்தின் மேல் ஏற்றாமல், வேறு பெயரில் தனியாக ஏற்றினேன். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இணைப்புச் சொல்லும் சிறிய டேபிள் ஒன்றை, எண்களை இணைக்கத் தொடங்கும்போதே உருவாக்கி வைத்திருந்தேன், அதுதான் கைகொடுத்தது. அதன் துணையோடு பேக்கப்பில் இருந்த அபராதங்களைப் புதிய எண்களோடு எடுத்து உள்ளிட்டேன். பேக்கப்புக்குப் பிறகு, அழிப்புக்கு முன், கட்டப்பட்ட சில தொகைகளை ரசீதின் அடிக்கட்டைகளைப் பார்த்துக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பேக்கப்பை நேரடியாகத் திரும்ப ஏற்றாதீர்கள். அதற்குப் பின் நடந்த எல்லாப் பதிவுகளும் போய்விடும்.

அன்று முதல் உற்பத்திச் சூழலில் (உண்மைப் பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தில்) எந்த அழிப்பையும் ஒத்திகை பார்க்காமல் நான் செய்வதில்லை. பரிவர்த்தனையைத் தொடங்கி, சேய் டேபிள்கள் ஒவ்வொன்றின் மொத்த எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அழித்து, மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு ‘ரோல்பேக்’ செய்து எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிடுகிறேன்:

பிகின்;
செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் அபராதம்;
டிலீட் ஃப்ரம் உறுப்பினர் வேர் எண் = 4127;
செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் அபராதம்;
ரோல்பேக்;

இரண்டு எண்ணிக்கைகளுக்கும் இடையில் வேறுபாடு இருந்தால், அதற்கான காரணத்தை விளக்க முடிகிற வரை ‘கமிட்’ செய்து மாற்றத்தை நிலைப்படுத்துவதில்லை. ஒத்திகை நடக்கும் நேரத்தில் அந்த வரிசைகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், பயன்பாடு குறைவான வேளையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது பேக்கப்பின் நகலில் செய்து பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ‘பிஜி கன்ஸ்ட்ரெயிண்ட்’ பட்டியலில் அழிப்பு விதி ‘சி’ என்ற எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும் ஃபாரின் கீகளை எல்லாம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் அங்கே ஏன் இருக்கிறது என்று எழுதி வைப்பது அரை நாள் வேலைதான். பணம், மருத்துவக் குறிப்பு, தணிக்கைப் பதிவு ஆகியவற்றைத் தாங்கும் டேபிள் ஏதேனும் அந்தப் பட்டியலில் இருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

டிலீட் என்ற சொல்லையே எழுதாமல் சேய் வரிசைகள் அழிவதும் உண்டு. மைஎஸ்கியூஎல்லின் ‘ரிப்ளேஸ் இன்டு’, எஸ்கியூலைட்டின் ‘இன்சர்ட் ஆர் ரிப்ளேஸ்’ ஆகிய இரண்டும், பிரைமரி கீ ஏற்கெனவே இருந்தால் பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதியதை இடுகின்றன. தொலைபேசி எண்ணைத் திருத்துவதற்காக உறுப்பினரை ‘ரிப்ளேஸ்’ செய்தால், கேஸ்கேட் உள்ள சேய்கள் அனைத்தும் அந்த நொடியில் மறையும்; உறுப்பினர் மட்டும் புதிதுபோல நிற்பார். கைபேசிச் செயலிகளில் ‘உள்ளூர்ப் பட்டியல் தானே காலியாகிறது’ என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். மைஎஸ்கியூஎல்லில் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’, எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸிலும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்’ ஆகியவை வரிசையை அழிக்காமல் இருந்த இடத்திலேயே திருத்தும்.

இன்னொரு வழி போஸ்ட்கிரெஸின் ‘ட்ரங்கேட் கேஸ்கேட்’. பெயர் ஒன்றாக இருப்பதால் இது சம்பந்தப்பட்ட சேய் வரிசைகளை மட்டும் அழிக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அது ஃபாரின் கீயின் அழிப்பு விதியைப் பார்ப்பதே இல்லை. தாயைச் சுட்டும் டேபிள்கள் ஒவ்வொன்றையும், அவற்றைச் சுட்டுபவற்றையும், முழுவதுமாகக் காலிசெய்கிறது. ‘செட் நல்’ என்று வைத்த டேபிளும் தப்பாது. உற்பத்திச் சூழலில் இந்தக் கட்டளைக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: கேஸ்கேட் வைத்திருக்கிறோம், ஆனாலும் சேய் வரிசைகள் அப்படியே இருக்கின்றன

எஸ்கியூலைட்டாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபாரின் கீ ஆதரவு 2009-இல் 3.6.19 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக இயல்பாக அது அணைந்தே இருக்கிறது. ‘பிரக்மா ஃபாரின் கீஸ் = ஆன்’ என்பதை ஒவ்வோர் இணைப்பைத் திறந்தவுடனும் இயக்க வேண்டும். ஒருமுறை இயக்கினால் கோப்பிலேயே பதிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பரிவர்த்தனைக்கு நடுவில் இயக்கினால் பிழையும் வராது, பலனும் இராது.

மைஎஸ்கியூஎல்லில் முதலில் டேபிளின் எஞ்சினைப் பாருங்கள். மைஐஎஸ்ஏஎம் டேபிள்கள் ஃபாரின் கீ வரியை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு அப்படியே விட்டுவிடும். இன்னோடிபி இயல்பான எஞ்சினாக ஆனது 5.5 பதிப்பிலிருந்துதான் என்பதால், அதற்கு முன் பிறந்த டேபிள்கள் இன்றும் பழைய எஞ்சினிலேயே இருக்கலாம். அடுத்து, ‘ரெஃபரன்சஸ்’ என்பதைப் புலத்தின் வரியிலேயே எழுதியிருந்தால், 8.0 பதிப்பு அதைப் படித்துவிட்டுப் புறக்கணித்துவிடும். ஃபாரின் கீயைத் தனி வரியாக எழுத வேண்டும். ‘ஷோ கிரியேட் டேபிள்’ கட்டளையின் விடையில் கட்டுப்பாடு தென்படவில்லை என்றால், அது உண்மையில் இல்லை.

ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு நிலைமை. மாடலில் எழுதும் ‘ஆன்_டிலீட் = மாடல்ஸ்.கேஸ்கேட்’ என்பதை ஜாங்கோ பைத்தானில் நிறைவேற்றுகிறது. தரவுத்தளத்துக்குக் கேஸ்கேட் விதியாக அனுப்புவதில்லை. ஆகவே ஜாங்கோ வழியாக அழித்தால் சேய்களும் போகும். அதே வரிசையை முனையத்தில் நேரடியாக அழித்தால் 23503 வரும். இரண்டு வழிகளிலும் அழிப்பவர்கள் இருக்கும் இடங்களில், இந்த வேறுபாட்டைக் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எஸ்கியூஎல்அல்கெமி என்ற பைத்தான் கருவியில் இதற்கு நேர்மாறான ஓர் அறிகுறி காணப்படும்: தாயை அழித்தால் ஃபாரின் கீ பிழைக்குப் பதிலாக, புலம் நல்லாக இருக்கக் கூடாது என்ற 23502 பிழை வரும். தனியாக ஏதும் சொல்லாவிட்டால் அது சேயின் புலத்தை முதலில் நல்லாக்க முயல்வதே காரணம். உறவில் ‘கேஸ்கேட்’ விருப்பத்தை எழுதுங்கள். அல்லது தரவுத்தளத்தில் கேஸ்கேட் வைத்துவிட்டு ‘பாசிவ் டிலீட்ஸ்’ விருப்பத்தை இயக்குங்கள்.

‘விலகிய நாள்’ போன்ற புலத்தில் தேதி இட்டு அழித்ததாகக் கொள்ளும் முறையில் எந்தக் கேஸ்கேடும் இயங்காது. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது வெறும் திருத்தம்.

அறிகுறி: சேய் வரிசையைச் சேர்க்க முடியவில்லை, அல்லது ஃபாரின் கீயையே உருவாக்க முடியவில்லை

மைஎஸ்கியூஎல்லில் 1452 என்றால், சேய் சுட்டும் தாய் அங்கே இல்லை. கோப்பிலிருந்து தரவை ஏற்றும்போது தாய் டேபிளை முதலில் ஏற்றுங்கள். ஏற்கெனவே இருக்கும் டேபிளில் புதிதாக ஃபாரின் கீ சேர்க்கும்போது இதே பிழை வந்தால், அனாதை வரிசைகள் இருக்கின்றன:

செலக்ட் இ.எண், இ.உறுப்பினர்_எண் ஃப்ரம் இரவல் இ
லெஃப்ட் ஜாயின் உறுப்பினர் உ ஆன் உ.எண் = இ.உறுப்பினர்_எண்
வேர் உ.எண் இஸ் நல் அண்ட் இ.உறுப்பினர்_எண் இஸ் நாட் நல்;

இதை ‘நாட் இன்’ கொண்டு எழுத வேண்டாம். உள் வினவலின் விடையில் ஒரே ஒரு நல் இருந்தாலும் முழு விடையும் காலியாகி, அனாதைகளே இல்லை என்று தவறாக நம்பிவிடுவீர்கள். கிடைக்கும் அனாதைகளில் பல 0 என்ற எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கும். ‘யாரும் இல்லை’ என்பதற்கு நிரலாளர் 0 இட்ட பழக்கம் அது; அவற்றை நல்லாக மாற்றுவதே முறை. மற்றவற்றை அழிப்பதற்கு முன் ஒரு தனி டேபிளில் எடுத்து வையுங்கள்.

உருவாக்கும்போதே 1215, 3780, அல்லது பழைய பதிப்புகளில் 150 வந்தால், இரண்டு புலங்களின் வகையும் ஒத்துப்போகவில்லை என்பதே வழக்கமான காரணம். தாய் ‘பிக்இன்ட் அன்சைன்ட்’, சேய் வெறும் ‘இன்ட்’. அல்லது எழுத்துப் புலங்களின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் முறை) வேறு. போஸ்ட்கிரெஸில், நல் ஏற்காத புலத்துக்குச் ‘செட் நல்’ விதி வைத்தால் உருவாக்கும்போது எதிர்ப்பு வராது. முதல் அழிப்பின்போதுதான் 23502 வந்து நிற்கும். மைஎஸ்கியூஎல் அதை உருவாக்கும்போதே 1830 என்று மறுத்துவிடுகிறது, அதுவே நல்லது.

அறிகுறி: சில நூறு வரிசைகளை அழிக்கப் பல நிமிடங்கள் ஆகின்றன

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகிய மூன்றும் சேய் டேபிளின் ஃபாரின் கீ புலத்துக்குத் தாமாக இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) உருவாக்குவதில்லை; இன்னோடிபி உருவாக்குகிறது. இண்டெக்ஸ் இல்லாத நிலையில் ஒவ்வொரு தாய் வரிசையை அழிக்கும்போதும், சேய் டேபிளை முதல் வரிசையிலிருந்து கடைசி வரை படித்துத்தான் சுட்டுபவர் உண்டா என்று அறிய முடியும். இரவல் டேபிளில் 20 லட்சம் வரிசைகள் இருந்து 500 உறுப்பினர்களை அழித்தால், 100 கோடி வரிசைகளைப் படித்தாக வேண்டும். சேயில் அழிக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்த வேலை நடக்கும் என்பதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை.

போஸ்ட்கிரெஸில் இதை உறுதிசெய்யும் வழி எளிது. பரிவர்த்தனைக்குள் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ சேர்த்து ஒரு வரிசையை அழித்து, பிறகு ரோல்பேக் செய்யுங்கள். அந்தக் கட்டளை உண்மையாகவே அழிக்கும் என்பதை மறக்கக் கூடாது. விடையின் அடியில் ஒவ்வொரு கட்டுப்பாட்டின் டிரிகருக்கும் எடுத்த நேரமும் அது எத்தனை தடவை அழைக்கப்பட்டது என்பதும் தனித்தனி வரியாக வரும். அழிப்பு ஒரு மில்லிநொடியும், ‘இரவல்’ கட்டுப்பாட்டின் டிரிகர் நூற்றுக்கணக்கான மில்லிநொடிகளும் எடுத்திருந்தால், இண்டெக்ஸ் அங்கேதான் வேண்டும். ‘கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி’ என்று உருவாக்கினால் எழுதுபவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆரக்கிளில் தாமதத்தோடு பூட்டுச் சிக்கலும் சேரும்: இண்டெக்ஸ் இல்லாத சேய் டேபிள், தாய் வரிசை அழியும் வேளையில் முழுதாகப் பூட்டப்படும்.

அறிகுறி: டிலீட் நன்றாக முடிகிறது, கமிட்டின்போது பிழை வருகிறது

கட்டுப்பாடு ‘டிஃபெரபிள் இனிஷியலி டிஃபர்ட்’ என்று இருக்கிறது. சோதனை பரிவர்த்தனையின் இறுதியில்தான் நடக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஜாங்கோ உருவாக்கும் ஃபாரின் கீகள் இப்படிப்பட்டவையே. எந்தக் கட்டளை தவறு என்பதைக் கண்டுபிடிக்க, பரிவர்த்தனையின் தொடக்கத்தில் ‘செட் கன்ஸ்ட்ரெயிண்ட்ஸ் ஆல் இம்மீடியட்’ என்று இயக்குங்கள். பிழை அதற்குரிய வரியிலேயே வந்து நிற்கும். மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இந்தத் தள்ளிவைப்பு வசதி இல்லை.

அறிகுறி: எஸ்கியூஎல் சர்வர் கேஸ்கேடை ஏற்க மறுத்து 1785 காட்டுகிறது

நம் நூலகத்தில் அபராதத்தை உறுப்பினரிலிருந்து நேரடியாகவும், இரவல் வழியாகவும் சென்றடையலாம். இரண்டு பாதைகளிலும் கேஸ்கேட் வைத்தால் எஸ்கியூஎல் சர்வர் அதை அனுமதிக்காது. ‘பரிந்துரைத்தவர்’ போலத் தன்னையே சுட்டும் புலத்துக்குக் கேஸ்கேடோ செட் நல்லோ வைத்தாலும் இதே மறுப்புதான். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் ஏற்கும். இரண்டு பாதைகளில் ஒன்றை மட்டும் கேஸ்கேடாக வைத்து, மற்றதை ‘நோ ஆக்ஷன்’ ஆக்கி, அந்தப் பாதையின் அழிப்பை தரவுத்தளத்திலேயே சேமித்து வைக்கும் நிரலான ஒரு ஸ்டோர்ட் புரொசீஜரில் வரிசைமுறையோடு எழுதுங்கள். அப்படி எழுதும்போதாவது, அபராதம் உண்மையில் அழிய வேண்டுமா என்று ஒருமுறை யாராவது கேட்பார்கள்.

அறிகுறி: கட்டுப்பாடு இருக்கிறது, ஆனாலும் அனாதைகள் இருக்கின்றன

யாரோ சோதனையை நிறுத்திவிட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘ஃபாரின் கீ செக்ஸ்’ மாறியை 0 ஆக்கி, வேலை முடிந்ததும் 1 ஆக்கினால், இடையில் நுழைந்தவற்றைத் தரவுத்தளம் திரும்பிப் பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸில் ‘செஷன் ரெப்ளிகேஷன் ரோல்’ மதிப்பை ‘ரெப்ளிகா’ ஆக்கினால் சோதனையோடு கேஸ்கேடும் நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்டம்ப் தரும் கோப்பின் தலைப்பிலேயே சோதனையை நிறுத்தும் வரி இருக்கிறது. டேபிள்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஏற வேண்டும் என்பதற்காக அது தேவை. ஆனால் அந்தக் கோப்பைக் கையால் வெட்டி ஒரு டேபிளை மட்டும் ஏற்றும்போது, அதே வரி அனாதைகளுக்கு வழிவிடுகிறது.

சரிசெய்ய, மேலே தந்த லெஃப்ட் ஜாயின் வினவலை ஒவ்வொரு ஃபாரின் கீக்கும் இயக்கி அனாதைகளைத் தீருங்கள். எஸ்கியூலைட்டில் ‘பிரக்மா ஃபாரின் கீ செக்’ எல்லா டேபிள்களையும் பார்த்து, தவறான வரிசை ஒவ்வொன்றையும் அதன் டேபிள் பெயரோடு தரும். போஸ்ட்கிரெஸில் ‘வாலிடேட்’ கட்டளை இங்கே உதவாது. ஏற்கெனவே சரிபார்த்ததாகக் குறிக்கப்பட்ட கட்டுப்பாட்டை அது மீண்டும் சோதிப்பதில்லை, ஆகவே கட்டுப்பாட்டை நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் ‘நோசெக்’ என்று நிறுத்திய கட்டுப்பாடு, மீண்டும் இயக்கிய பிறகும் நம்பத் தகாதது என்ற குறியோடு இருக்கும், ‘சிஸ்.ஃபாரின்_கீஸ்’ காட்சியில் ‘இஸ்_நாட்_ட்ரஸ்டட்’ புலத்தில் 1 தெரியும். அனாதைகளைத் தீர்த்த பிறகு ‘வித் செக் செக் கன்ஸ்ட்ரெயிண்ட்’ என்று, செக் என்ற சொல்லை இருமுறையும் எழுதி இயக்குங்கள். அந்தப் புலம் 0 ஆகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.